சொல்லக் கூடாத மாத்திரை

"இது என்னது புள்ள?"

ராகி டப்பாவுக்குள் முழங்கை வரை விட்ட கையை மாரக்காள் வெளியே எடுத்தபோது, மாவு அப்பிய மூன்று மாத்திரை அட்டைகள் அதில் இருந்தன. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பாக்கியலட்சுமி அடுப்பில் இருந்த பாலைப் பார்த்தாள். பால் பொங்கவில்லை. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்னத்தான் கேக்கறேன். சத்து மாத்திரைன்னுதான சொன்ன? அதை எதுக்கு ராகிக்குள்ள பொதைக்கோணும்?"

"எறும்பு ஏறுதுங்க நங்கையா..."

"மாத்திரைக்கு எறும்பா! நல்லாத்தான் இருக்குது!"

கணவனின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். மாரக்காள் ஹனூரிலிருந்து தம்பியைப் பார்க்கப் பத்து நாளுக்கென்று மைசூர் வந்தவள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. மேட்டகள்ளியில் அவர்கள் குடியிருந்தது ஒரு அறையும் சமையற்கட்டும். ஒருவர் இருமினால் மற்ற மூன்று பேரும் விழித்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் மாத்திரையை ஒளிப்பதும் ஒன்று, ஆளை ஒளிப்பதும் ஒன்று.

மாரக்காளுக்குப் படிப்பு கிடையாது. அதற்காக விடுகிற ஆளும் அவள் கிடையாது. "பிரியா! எந்திரிச்சு வா சாமி. இதுல என்ன எழுதிருக்குதுன்னு போன்ல பாத்துச் சொல்லு."

மகள் தமிழ்ப்ரியா பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. கண்ணைத் தேய்த்துக்கொண்டே தேடிப் படித்தாள். "மார்ஃபின் அத்தை... கேன்சர்ல ரொம்ப வலி இருக்கறவங்களுக்கு... கடைசி ஸ்டேஜ்ல..." அதோடு நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "யாக்கம்மா... ஏம்மா? அப்பாக்கு எதுக்கு இது?"

மாரக்காளின் முகம் வெளுத்தது. பதினோரு வருடத்துக்கு முன் அவள் அப்பனுக்கு இதே நோய். கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி இந்த மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். எட்டாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். தம்பிக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்த அன்றே, "என்ன வேணா பண்ணுங்க, அந்த மாத்திரைய மட்டும் என்ற தம்பி வாயில வெச்சுராதீங்க" என்று ஊரிலிருந்து போனில் அழுதவள் அவள்.

"அட பாவி மக்கா... தூங்க வெச்சே கொன்னுரலாம்னு பாத்தியா? அவன் முனகறது உனக்கு அத்தன தொந்தரவா இருக்குதா?"

"அப்படி இல்லீங்க நங்கையா..."

"பொறவு எப்படி? சொல்லு! யாரு குடுத்தா? எதுக்கு ஒளிச்ச?"

பாக்கியலட்சுமி வாயைத் திறந்தாள். அறைக்குள் கட்டிலில் சாய்ந்திருந்த கணவன் சித்தையன் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். சொல்லாதே.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாரக்காள் மூன்று அட்டைகளையும் கத்தரிக்கோலால் வெட்டி, ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கிக் கக்கூசில் போட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். ஆறு மணி மாத்திரையும் அதோடு போனது. அந்த மாத்திரை மேட்டகள்ளியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில், டாக்டர் சீட்டுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலைமேல் பாக்கியலட்சுமியின் கையை இழுத்து வைத்துச் சத்தியம் வாங்கினான் சித்தையன். "அக்காவுக்குத் தெரியக் கூடாது. புருசனும் போயி, பெத்த பையனும் போயி நான் ஒருத்தன்தான் அவளுக்கு. இது தெரிஞ்சா என்னைய இப்பவே பொணம்னு நெனச்சிருவா. நீயா வாயத் தொறந்தா இவ மேல ஆணை." மகள் தலையில் வைத்த கையை எடுத்துவிட்டாள். ஆணையை எடுக்க முடியவில்லை. அக்கா மேல் அவனுக்கு இருந்த பாசத்துக்கு இவள்தான் காவல் நிற்க வேண்டியிருந்தது. இதில் என்ன நியாயம் என்று அவள் கேட்கவில்லை. நோயாளியிடம் நியாயம் கேட்க முடியுமா?

"இன்னைக்கே இவன ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மாரக்காள். "ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மாதேஸ்வரன் பாத்துக்குவான். இவ கையில இனி பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்காத தம்பி."

"இன்னைக்கு ஊசி நாளு அக்கா. அத மட்டும் போட்டுட்டு..." சித்தையனுக்கு மூச்சு வாங்கியது.

"அப்ப நானும் உள்ள வருவேன். டாக்டரயே கேக்கறேன்."

தமிழ்ப்ரியா அத்தையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். காலையில் விழுந்த அடிகளிலேயே பாக்கியலட்சுமிக்கு அதுதான் பெரியது.

நான்கு பேரும் போன ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடையிலும் சித்தையன் கம்பியை இறுக்கிப் பிடித்தான். விலா எலும்புக்குள் யாரோ உளி வைத்து அடிப்பது போல இருக்கும் என்று முன்பு சொல்லியிருக்கிறான். இருபது வருடம் கட்டட மேஸ்திரியாக இருந்தவன். உளியைப் பற்றித் தெரிந்துதான் சொல்லியிருப்பான். ஒன்பது மணிக்கு அவன் சட்டை நனைந்துவிட்டது.

"ஏன்டா இப்படி வேத்துக் கொட்டுது?"

"வெயிலு அக்கா."

வெயில் இல்லை. மேகமூட்டமாக இருந்தது. பாக்கியலட்சுமி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

அந்த ஆஸ்பத்திரியில் செவ்வாய்தோறும் புற்றுநோய் டாக்டரும், வலிக்கும் மனசுக்கும் பார்க்கிற டாக்டரம்மாவும் ஒரே அறையில், ஒரே மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பார்கள். ஒரே ஃபைல், ஒரே சீட்டு. துணைக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். ஐந்து மாதமாக மாரக்காள் வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு டாக்டர் என்றுதான் நினைத்திருந்தாள். அவ்வளவு பெரிய பொய் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

இன்று காவலாளியைத் தள்ளிக்கொண்டு அவளும் நுழைந்தாள்.

டாக்டரம்மா சித்தையனைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். "காலை மாத்திரை எடுத்துக்கலையா?"

"நான்தான் கக்கூசுல போட்டேன்!" என்றாள் மாரக்காள். "எங்கப்பனுக்கும் இதையேதான் குடுத்தீங்க. எட்டு நாளுல முடிச்சுட்டீங்க. இவனையும் முடிக்கப் பாக்கறீங்களா?"

டாக்டரம்மா முதலில் நர்ஸைக் கூப்பிட்டு மருந்து கொடுக்கச் சொன்னார். சித்தையன் விழுங்கி முடித்த பிறகுதான் திரும்பினார்.

"உங்கப்பாக்கு எத்தனை மாசம் வலி இருந்துச்சும்மா?"

"ஆறு மாசம்... ராவும் பகலும் கத்துவாரு..."

"ஆறு மாசம் சும்மா விட்டுட்டுக் கடைசி எட்டு நாள் குடுத்திருக்காங்க. அதனாலதான் உங்களுக்கு இது சாவு மாத்திரையாத் தெரியுது. இவருக்கு ஜனவரியிலிருந்து நான் குடுக்கறேன். இப்ப ஆகஸ்டு. வலி அடங்கினதாலதான் சாப்பிடறார், தூங்கறார், சாரோட ஊசியைத் தாங்கறார்."

புற்றுநோய் டாக்டர் ஃபைலில் இருந்து தலையைத் தூக்கி, "ஹௌதும்மா, ஆமா. இவங்க இல்லாம என் ஊசி மட்டும் குடுத்திருந்தா பாதியில நிறுத்தியிருப்பேன்" என்றார்.

"அப்பறம் எதுக்கு இவ ஒளிச்சா?"

டாக்டரம்மா சித்தையனைப் பார்த்தார். சித்தையன் தரையைப் பார்த்தான். "அதை நான் சொல்லக் கூடாதும்மா. கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்க. வலி இறங்கட்டும்."

வெளியே பெஞ்சில் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் சித்தையனின் தோள் இறங்கியது. பிறகு தாடை தளர்ந்தது. கம்பியைப் பிடித்துச் சிவந்திருந்த கை மடியில் விரிந்து கிடந்தது. மாரக்காள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அவனை விட்டு நகரவில்லை.

அப்போது நர்ஸ் உமாதேவி கையில் ஒரு தாளோடு வந்தாள். கொள்ளேகால்காரி, தமிழ் பேசுவாள். "அண்ணா, அஞ்சு நிமிஷம். ரெண்டு டாக்டரும் சேர்ந்து பாக்கறது உங்களுக்குத் திருப்தியா இருக்கான்னு எல்லார்கிட்டயும் கேக்கறோம். அஞ்சுக்கு எத்தனைன்னு சொன்னா போதும். டாக்டருங்க உங்க பேச்சைக் காது குடுத்துக் கேக்கறாங்களா?"

"அஞ்சு."

"வலிக்குப் பாக்கற வைத்தியம்?"

"அஞ்சு."

"ரெண்டு இடத்துல அலையாம ஒரே இடத்துல பாக்கறது?"

"அஞ்சு. அதுக்கு ஆறு இருந்தா ஆறு போடும்மா."

"மருந்தைப் பத்தி உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் வெளக்கமா சொன்னாங்களா?"

சித்தையன் மனைவியைப் பார்த்தான். உமாதேவி பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தெரியலைன்னா விட்டுரலாம் அண்ணா."

"சொன்னாங்க" என்றான். "எனக்கும் என்ற பொண்டாட்டிக்கும் நல்லாத்தான் சொன்னாங்க. அக்காகிட்டயும் நாங்களே பேசறோம்னு அந்தம்மா மூணு தடவ கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். இவளயும் சொல்ல விடல. புள்ள தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டேன்."

தமிழ்ப்ரியா, "யார் தலைல?" என்றாள்.

"உன்ற தலைலதான் சாமி. நீ தூங்கிட்டிருந்த."

மாரக்காள் எழுந்து தம்பியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு, வலிக்கும் இடமோ என்று பயந்து அதே தோளைத் தடவினாள். "அட நாசமாப் போனவனே... அந்தப் புள்ளைய எத்தன பேச்சு பேசிட்டேன்! கொலகாரின்னுட்டேனேடா!" அவள் பாக்கியலட்சுமியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "என்னைய ஒரு அற அறஞ்சிரு பாக்கியம்... மனசுல வெச்சுக்காத சாமி..."

தமிழ்ப்ரியா பின்னாலிருந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "சாரிம்மா... சாரி..."

இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். பாக்கியலட்சுமி அசையாமல் நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம்.

"ஏனுங்க" என்று கணவனைப் பார்த்தாள். "இத நீங்க வீட்டுல சொல்லிருக்கலாமுங்க. காத்தால ஆறு மணிக்கே சொல்லிருக்கலாம். உங்க அக்காவுக்கு வலிக்கக் கூடாது, உங்களுக்கு வலிக்கக் கூடாது. சரிங்க. என்னைய மட்டும் சிமிட்டில செஞ்சு வெச்சிருக்குதா?"

நடந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தையன் தலையைக் குனிந்தான். "தப்புதான் பாக்கியம். உன்ற மேல ஏத்துனா நீ தாங்குவன்னு நெனச்சுட்டேன்."

"தாங்குனேன். அதுக்காக இன்னும் ஏத்தாதீங்க."

உமாதேவி தாளை மடித்துக்கொண்டு நகரப் பார்த்தாள். மாரக்காள் அவளிடம் கேட்கவில்லை. பாக்கியலட்சுமியிடம்தான் கேட்டாள், குரலைத் தாழ்த்தி. "நெசத்தச் சொல்லு புள்ள. இவன் பொழைப்பானா?"

"தெரியாதுங்க நங்கையா. டாக்டருங்களுக்கே தெரியாது. எப்ப போனாலும் கத்திட்டுப் போக மாட்டாரு. அது மட்டும் தெரியும்."

மாரக்காள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நீண்ட நேரம் துடைத்தாள். "அடுத்த மாத்திரை எப்ப?"

"ரெண்டு மணிக்கு."

"நான் குடுக்கறேன்."

பாக்கியலட்சுமி புதுச் சீட்டுக்கு மருந்து வாங்கி வந்தாள். உடனே கொடுத்துவிடவில்லை. காலை ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்துக்கு மட்டும் ரெண்டு மாத்திரை, அதோடு மலம் இளக ஒரு மாத்திரை. மாரக்காளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். முதல் தடவை அவள் தப்பாகச் சொன்னாள். இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாம் தடவை சரியாகச் சொன்ன பிறகே பை கை மாறியது.

"ஊசி முடிஞ்சதும் மூணு பேரும் ஆட்டோவுல போயிருங்க. நான் சாயங்காலம் வர்றேன்."

"எங்க போற?" சித்தையன் பதறினான்.

"தெரியலீங்க."

அவன் அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தான். மாரக்காள் அவன் முழங்கையைத் தட்டினாள். "போகட்டும் விடுடா."

ஆஸ்பத்திரி வாசலில் முதலில் வந்த பஸ்ஸில் பாக்கியலட்சுமி ஏறினாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரைக் காட்டினால் போதும். ஜன்னலோர இடம் இருந்தது.

"எல்லிகம்மா?" எங்கே என்று கன்னடத்தில் கேட்டார் கண்டக்டர்.

பலகையைப் பார்க்காமலேயே ஏறியிருந்தாள். "கொனே ஸ்டாப்" என்று கடைசி நிறுத்தத்தைச் சொன்னாள்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் பாக்கியலட்சுமியின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இடித்துக்கொண்டு போனார்கள். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பும்வரை அவள் எழவில்லை.