வேலையை விட்ட காரணம்

விண்ணப்பத்தில் அந்தப் பெண் முன்பு வேலை பார்த்த மூன்று வீடுகளின் விவரம் இருந்தது. மூன்றுக்கும் நேரே, வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்தில், ஒரே வாக்கியம்: ‘நான் பார்த்துக்கொண்டவர் இறந்துவிட்டார்.’ படுக்கையில் கிடக்கும் கிழங்களைக் கவனிக்கப் போகிறவள் வேறென்ன எழுதுவாள்? சல்லடை அன்றைக்கு அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இன்றுதான் தேதிகள் கண்ணில் பட்டன. மூன்று பேருமே அவள் வேலைக்கு வந்த இருபதாம் நாளில் போயிருந்தார்கள்.

சல்லடை என்பது விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். வேலை கேட்பவர், வாடகைக்கு வீடு கேட்பவர், தொண்டு செய்யத் துடிப்பவர் என்று எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னணியைத் துருவுவது அவள் தொழில். மனிதர்கள் என்றாலே அவளுக்கு இளக்காரம். படிக்காத படிப்பைப் படித்தேன் என்பான் ஒருவன். வீட்டைப் பாழாக்கித் துரத்தப்பட்டவன், காற்றோட்டம் போதவில்லை என்பான். புளுகுமூட்டைகள்! இந்தப் பெண்ணின் காகிதங்களோ கண்ணாடி போல இருந்தன, போலீஸ் சான்று உட்பட. அதனால் பழைய வீடுகளுக்குப் போன் போடாமலே ‘பேசியாயிற்று, திருப்தி’ என்று எழுதினாள். அதோடு விட்டாளா? படுத்த படுக்கையாக இருந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவளையே வீட்டில் அமர்த்திக்கொண்டாள். ஊரையே சலிப்பவளுக்குச் சொந்த அம்மா விஷயத்தில் இத்தனை சோம்பல்.

பேசிய நேரத்தைக் குறிக்கச் சொல்லி மேலதிகாரி இன்று கோப்பைத் திருப்பி அனுப்பியிருந்தார். எரிச்சலோடு முதல் எண்ணை அழுத்தினாள். அந்த வீட்டு மருமகள் எடுத்தாள். மாமனார் இறந்த பிறகுதானே அந்தப் பெண் வேலையை விட்டாள் என்று சல்லடை கேட்டாள்.

“அவரு இறக்கலையே,” என்றாள் மருமகள்.

சல்லடைக்குச் சிரிப்பு வந்தது. ஆக, இவளும் புளுகிதான். மாட்டினாயா, மகளே! சிவப்புப் பேனாவை எடுத்தாள். மறுமுனையில் காலடிகள் நகர்ந்தன, ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டது, பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது போன்ற குரல் வந்தது.

“ரெண்டு வருஷமா எழுந்திரிக்காதவரு. இப்ப நாள் பூரா உக்காந்திருக்காரு. சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. மூக்குக்கிட்ட கை வச்சுப் பாத்தேன். மூச்சே இல்லீங்க.”

போன் வைக்கப்பட்டது. ஜெராக்ஸ் இயந்திரம் சூட்டு வாடையோடு யாருடைய தாள்களையோ துப்பிக்கொண்டிருந்தது.

பைத்தியக் குடும்பம் என்று திட்டியபடி இரண்டாவது வீட்டுக்குப் போட்டாள். இறந்துபோனதாக எழுதப்பட்ட கிழவியே எடுத்தாள். அந்தப் பொண்ணு தங்கம், ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டா என்று, எங்கும் மூச்சு வாங்காமல், ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே போனாள். சல்லடை போனை வைக்கும்வரை அது நிற்கவில்லை.

அந்தப் பெண் பொய் எழுதவில்லை. அத்தனை விண்ணப்பங்களிலும் அவள் ஒருத்திதான் உண்மையை எழுதியிருக்கிறாள். சல்லடை சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். விரல்விட்டு எண்ணினாள். அம்மாவிடம் அவள் வந்து இன்றோடு இருபது நாள்.

வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது வெயில் இன்னும் மதில்மேல் இருந்தது. அந்தப் பெண் பையும் கையுமாக வாசலில் நின்றாள். கைகள் கழுவிய ஈரத்தோடு இருந்தன.

“அம்மா மூணு மணிக்கே போயிட்டாங்க. நான் கிளம்பறேன்,” என்றாள். குரலில் துக்கமும் இல்லை, பயமும் இல்லை.

சல்லடை அவளைப் பிடித்து நிறுத்த நினைத்தாள். கை எழவில்லை. அந்தப் பெண் தெருவில் இறங்கி நடந்தாள்.

உள்ளே மருந்து வாடை இல்லை. எந்த வாடையும் இல்லை. பாயில் தேய்வது போல ஏதோ சத்தம். பிறகு தரையில். காலடி. நான்கு வருடமாக இந்த வீட்டில் கேட்காத காலடி.

அம்மா கூடத்துக்கு வந்தாள். தலை படிய வாரிப் பின்னியிருந்தது. முகம் நிறையச் சிரிப்பு. பெற்ற மகளை ‘வாடி’ என்பதைத் தவிர வேறு விதமாக அழைத்தே அறியாத அம்மா.

“வாங்க,” என்றாள். “உக்காருங்க.”

ஓர் ஈ பறந்து வந்து அம்மாவின் திறந்த கண்ணின்மேல் உட்கார்ந்தது. கருவிழியைத் தாண்டி மெல்ல ஊர்ந்தது. அம்மா இமைக்கவில்லை. சிரித்த முகத்தோடு மகளைத் தாண்டிப் போய், வாசல் கதவைத் தாழிட்டாள்.