அருளம்பலத்தின் இயந்திரம் ஏன் கிளம்பவில்லை?

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் மரியரட்ணம் குருநகரில் தன் வீட்டு வாசலில் காலைத் தேநீரைக் கையில் எடுத்திருந்தார். உரும்பிராய்க் கமக்காரர் அருளம்பலம் சைக்கிளை வேலிப் படலையில் சாத்திவிட்டு வியர்வை வழிய உள்ளே வந்தார்.

"ஐயா, என்ரை மெசினிலை ஆரோ கை வைச்சிட்டாங்கள். ஆயுத பூசையண்டு ஒரே சுத்திலை ஸ்ரார்ட் வந்தது. இண்டைக்கு எவ்வளவு சுத்தியும் அசையுதில்லை. உவன் சண்முகநாதன்ரை வேலைதான். நீங்கள் ஒருக்கா வந்து பாத்தியளெண்டால், நான் நேரை பொலிசுக்குப் போயிடுவன்."

1947ஆம் ஆண்டு, ஐப்பசி. முதல் மழை விழுந்து நிலம் பதமாகியிருந்தது. அருளம்பலம் பளையில் ஒரு தென்னந்தோட்டத்திலிருந்து வாங்கிவந்த பழைய டீசல் உழவு இயந்திரத்தை நம்பி, அயலவர் பலர் தங்கள் உழவு மாடுகளை விற்றேவிட்டார்கள். இந்தப் பதம் தப்பினால் அவர்களுக்கு விதைப்பே இல்லை. சண்முகநாதனோ மாடுகட்டி உழுபவர். இயந்திரம் வந்த பிறகு அவரைக் கூப்பிடுவோர் குறைந்துபோயிருந்தனர்.

மரியரட்ணத்துக்கு இயந்திரங்களைத் தெரியாது, மனிதர்களைத் தெரியும். இயந்திரம் தெரிந்தவன் அவருடைய மனைவி றோசின் தம்பி கிறகோரி. மோட்டார் வள்ளம் ஓட்டுபவன். துப்புத் துலக்குவது என்றால் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வருவான்.

"டீசலுக்குள்ளை தண்ணி கலந்திருப்பாங்கள், அத்தான். பந்தயம் கட்டுவன்!" என்றான் பஸ்சிலேயே.

"முதல் போய்ப் பாப்பம்."

உரும்பிராயில் இயந்திரம் நின்ற கொட்டிலில் கிறகோரி சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினான். மரியரட்ணம் கைகளைப் பின்னால் கட்டியபடி இயந்திரத்தைச் சுற்றி நடந்தார். ஈர மண்ணில் அகன்ற பாதங்களும் மாட்டுக் குளம்புகளும் பதிந்திருந்தன. அவை கொட்டில் வாசல்வரை வந்து, அங்கே நெடுநேரம் நின்று, திரும்பிப் போயிருந்தன. இயந்திரத்தின் முகப்பிலும் விளக்குகளிலும் பூசைச் சந்தனப் பொட்டுகள் முன்பக்கம் பார்த்திருந்தன. புகைக்கூண்டு போல எழுந்து நின்ற காற்றுக் குழாயின் மூடியிலிருந்த பொட்டு மட்டும் பின்பக்கம் பார்த்தது.

"பொட்டெல்லாம் ஆர் வைச்சது?"

"நான்தான். எல்லாம் முன்பக்கம்தான் வைச்சனான்," என்றார் அருளம்பலம்.

கிறகோரி முகம் வாடி நிமிர்ந்தான். "பந்தயத்திலை தோத்திட்டன், அத்தான். டீசல் சுத்தம், எஞ்சின்வரைக்கும் ஒழுங்காய் வருது. ஆனால் சுத்தேக்கை கைக்கு எதிர்ப்பே இல்லை. வெறும் டப்பாவைச் சுத்திறமாதிரிக் கிடக்கு."

சத்தம் கேட்டுச் சண்முகநாதன் வந்து வாசலில் நின்றார். அருளம்பலத்தின் மனைவி நல்லம்மா பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள்.

"உதுக்கு என்ன வருத்தம், ஏன் கிளம்புதில்லையெண்டு நினைக்கிறியள்?" என்று மரியரட்ணம் பொதுவாகக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? எண்ணெய் காணாதாக்கும்," என்றார் சண்முகநாதன்.

"எண்ணெய் நிரம்பக் கிடக்கு!" என்று சீறினார் அருளம்பலம்.

"சும்மா எண்ணெயைக் குறை சொல்லாதேங்கோ," என்றாள் நல்லம்மா. "மூச்செடுக்க ஏலாமல் கிடக்குதோ என்னவோ."

மரியரட்ணம் கோப்பையைக் கீழே வைத்தார். "கிறகோரி, அந்தக் குழாயின்ரை மூடியைக் கழட்டு."

உள்ளே பழஞ்சாக்குத் துண்டொன்று இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது. அதை இழுத்தெடுத்துவிட்டுக் கிறகோரி கைபிடியைச் சுற்றினான். கொட்டில் அதிர இயந்திரம் முழங்கியது. அருளம்பலம் கையைத் தட்டி ஆரவாரித்தார். பின்பு சண்முகநாதனை நோக்கி விரலை நீட்டினார்.

"பொறுங்கோ," என்று மரியரட்ணம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "பூசைக்குப் பிறகு ஆரோ மூடியைக் கழட்டி மாறிப் பூட்டியிருக்கினம். அதாலை பொட்டுத் திரும்பிப் போச்சு. சண்முகநாதன் வாசலோடை நிண்டு போனவர், அவரின்ரை காலடி உள்ளுக்கு ஒண்டுமில்லை. மெசின் எண்ணெய் குடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். அது மூச்செடுக்கிறது தெரிஞ்ச ஆள் இஞ்சை ஒராள்தான். தங்கச்சி, அந்தச் சொல்லைத் தவறி விட்டனீங்களோ, வேணுமெண்டு விட்டனீங்களோ?"

நல்லம்மா முந்தானையால் வாயை மூடினாள். கண்கள் சிரித்தன.

"வேணுமெண்டுதான், ஐயா. பொலிசெண்டு கேட்டதும் பயந்துபோனன். மெசினைக் கொண்டந்த டிறைவர் ரெண்டு விசயம் சொன்னவர். மூச்சுக் குழாய் அடைச்சால் மெசின் கிளம்பாது. ஸ்ரியறிங் ஆணி தேஞ்சுபோச்சு, மாத்தாமல் ஓட்டாதேங்கோ. வயலுக்குப் போற பாதை கட்டில்லாத கிணத்தின்ரை விளிம்பாலை. ஊர்ப் பிள்ளையள் பின்னாலை ஓடுங்கள். நான் சொன்னால் இவர் சிரிக்கிறார். மெசின் நிண்டால் தெரிஞ்ச ஆளைக் கூட்டியருவாரெண்டு நினைச்சன். சண்முகநாதண்ணையிலை பழி போடுவாரெண்டு நினைக்கேல்லை."

கிறகோரி இயந்திரத்தின் அடியில் புகுந்தான். வெளியே வந்தபோது அவன் குரலில் உற்சாகமில்லை. "ஆணி பாதிக்குமேலை தேஞ்சிட்டுது, அத்தான். அந்தக் கிணத்தடித் திருப்பத்திலை முறிஞ்சிருக்கும்."

அருளம்பலம் குனிந்து அந்த ஆணியைப் பார்த்தார். பிறகு சண்முகநாதனிடம் போனார். "அண்ணை, பிழை விட்டிட்டன். மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

"நானும் விடியப்புறம் மாட்டோடை வந்து நிண்டனான்தானே," என்றார் சண்முகநாதன் கூச்சத்துடன். "கிட்டப் போய்ப் பாக்க ஆசை. உன்னட்டைக் கேக்க மனம் வரேல்லை."

"வாங்கோ, ஏறிப் பாருங்கோ!"

கொல்லர் புது ஆணி அடித்துக் கொடுக்க மத்தியானமாகிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் இயந்திரம் வயலுக்குப் புறப்பட்டது. அருளம்பலம் ஓட்டினார். சண்முகநாதன் சக்கரத்தின் மேல்தகட்டில் ராசா போல அமர்ந்திருந்தார். கிணற்றடித் திருப்பத்தில் அருளம்பலம் இயந்திரத்தை நிறுத்தி, பின்னால் நடந்துவந்த நல்லம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முன்னே போய்ச் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் இடையிலிருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்," என்றாள்.

"ஓம், ஓம்," என்று சொல்லி அருளம்பலம் இடப்பக்கம் திருப்பினார்.