மூன்று முறை விழுந்த ஷாஃப்ட்

அந்த லாரி ஜனக்புரித் தெருவில் நுழைந்தால் மூன்றாம் மாடியில் காபி டம்ளர்கள் தாமாக நடந்துபோய்த் தொட்டியில் குதிக்கும். ராமமூர்த்தி கண்ணால் பார்த்தவர். அதனால், டிரைவர் அருள்ராஜ் காலையில் கதவைத் தட்டியபோதே லாரி விஷயம்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். இதையெல்லாம் யாரும் பாராட்டுவதில்லை.

"மாமி இருக்காங்களா சார்?"

மாமி என்பது அவர் மனைவி வத்சலா. அரசுப் பண்டகசாலையில் முப்பது வருஷம், வந்த சரக்கையெல்லாம் அளந்து பார்த்து வாங்கிய அதிகாரி. அவள் கண்ணுக்குத் தப்பி உள்ளே வந்த கோணல் சரக்கு ஒன்றே ஒன்று என்பார்கள். அது ராமமூர்த்தி.

"பதினோரு வருஷமா அந்த லாரியை ஓட்டுறேன் மாமி. பின் ஆக்சில் போயிடுச்சுன்னு போன மாசம் முதலாளி பழைய இரும்புச் சந்தையில வேற ஆக்சில் வாங்கி மாட்டினாருங்க. அதுலருந்து மூணு தடவை போல்ட் முறிஞ்சு ஷாஃப்ட் ரோட்டுல விழுந்துடுச்சு. நான் கிளட்ச்சை வெடுக்குனு விட்டு உடைக்கிறேங்கறாரு. மத்தியானம் சாவியை கிளீனர் வேணுகிட்ட குடுக்கணுமாம். லாரியை உடைக்கிறவன்னு பேர் வந்துட்டா டெல்லியில எவனும் என்னை ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டான்."

என்ஜின் சுற்றுவதை, பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீள இரும்புக் குழல்தான் ஷாஃப்ட். அதன் முனையில் ஒரு வட்டத் தட்டு; ஆக்சிலில் இன்னொன்று. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து நாலு போல்ட் போட்டு இறுக்குவார்கள்.

"எப்போ விழுந்தது? வண்டியைக் கிளப்பறச்சேயா?" என்றாள் வத்சலா.

"இல்லீங்க. மூணு தடவையும் சமமான ரோடு. அறுபதுல போயிட்டிருந்தேன்."

"லோடு?"

"ரெண்டு தடவை காலி வண்டிங்க."

"வேணு!" என்று தொடையைத் தட்டினார் ராமமூர்த்தி. "சாவி யாருக்குப் போறது? அவனுக்கு. போல்ட்டைத் தளர்த்தினது யார்? அவன். கேஸ் முடிஞ்சது."

"சட்டையைப் போட்டுக்கோங்கோ. கிளம்பலாம்," என்றாள் வத்சலா.

லாரி ஷெட்டில் முதலாளி ஜோதிலிங்கம் டீ வரவழைத்தார். நாமக்கல்காரர், தன் லாரிக்கு ஒரு நட்டு வாங்குவதானாலும் தானே போவார். மேஜைக்கு மேல் அவர் மகள் பிரியதர்ஷினியின் கல்யாணப் பத்திரிகை ஆணியில் தொங்கியது. கெட்டி அட்டை. மணமக்கள் பெயர்களைச் சுற்றி, வட்டமாக நாலு ஓட்டை.

"எலியா?" என்றார் ராமமூர்த்தி.

"அச்சு சார்! பழைய ஆக்சிலோட தட்டு மேல அட்டையை வெச்சு சுத்தியலால தட்டினா ஓட்டை ஓட்டையாப் பதிஞ்சுரும். சந்தையில அதை வெச்சுப் பாத்துத்தான் வாங்குவேன். விக்கிற பையாங்க பேச்சை நம்பறவன் நானில்லைங்க."

வேணு ஒரு மூலையில் தலை குனிந்து நின்றான். ராமமூர்த்தி அவனைப் பார்வையால் கைது செய்தார்.

வத்சலா லாரியருகே போனாள். முறிந்த போல்ட்டுகளைக் கையில் எடுத்து வரிசையாக வைத்தாள். விழுந்து கிடந்த ஷாஃப்டின் தட்டைத் துடைத்தாள். அதன் நடுவே விரல் தடிமனில் ஒரு வட்ட விளிம்பு எழும்பி நின்றது. ஒரு பக்கம் வெள்ளிபோல் பளபளத்தது. மறுபக்கம் துரு அப்படியே இருந்தது. மற்றப் பெண்கள் சீப்பு வைத்திருக்கும் இடத்திலிருந்து அவள் காலிப்பர் என்ற அளவுக் கருவியை எடுத்து விளிம்பை அளந்தாள். லாரிக்கு அடியில் போய் ஆக்சிலின் தட்டையும் அளந்தாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டாள்.

"வேணு இல்லை. தளர்த்தின போல்ட் கழண்டு வரும், இதெல்லாம் அறுந்திருக்கு. அருள்ராஜும் இல்லை. கிளட்ச்சை வெடுக்குனு விட்டா கிளம்பறச்சே உடையணும். இது வேகத்துல, அதுவும் காலி வண்டியில உடைஞ்சிருக்கு. அப்படின்னா ஷாஃப்ட் நடு மாறிச் சுத்தறது."

"நாலு ஓட்டையும் சரியாத்தானே பொருந்துச்சு!" என்றார் ஜோதிலிங்கம்.

"பொருந்தித்து. ஆனா ஷாஃப்டை நடுவுல நிறுத்தறது போல்ட் இல்லை, இந்த விளிம்பு. சம்புடத்து மூடி மாதிரி எதிர்த்தட்டுக் குழியில கச்சிதமா உக்காரணும். இந்த ஆக்சில் வேற மாடல் லாரியோடது. குழி ரெண்டு மில்லிமீட்டர் பெரிசு. அதான் ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சு பளபளக்கறது. அட்டையில ஓட்டை பதியும். குழியோட அளவு பதியுமோ?"

ஜோதிலிங்கம் பத்திரிகையைப் பார்த்தார். அது பதில் சொல்லும் நிலையில் இல்லை.

"அப்போ... உடைச்சது நானா?"

"ஆக்சில் எந்த மாடலோ, அதுக்குச் சேர்ந்த தட்டையே ஷாஃப்டுக்கும் மாத்துங்கோ. சரியாயிடும்."

ராமமூர்த்தி மெல்ல நகர்ந்து, தன் டீயை வேணுவிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அருள்ராஜ் கைகூப்பினான். "மாமி, உங்களுக்கு எப்படி நன்றி..."

"எனக்கு எதுக்கு? முன்னும் பின்னும் வண்டி ஓடற ரோட்டுல, அறுபதுல, ஷாஃப்ட் அறுந்து விழறது. மூணு தடவை. யார் மேலயும் மோதாம ஓரங்கட்டியிருக்கே. இந்த முப்பது வருஷத்துல அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. நன்றி சொல்லவேண்டியவா வேற யாரோ."

லாரி முதலாளிகள் டிரைவரிடம் சாவியைத் தூக்கிப் போடுவார்கள், அவன் பிடித்துக்கொள்வான். டெல்லி முழுக்க அதுதான் வழக்கம். ஜோதிலிங்கம் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தார். மகள் கல்யாணத்தில் சம்பந்திக்குத் தாம்பூலத் தட்டு கொடுத்த அதே தினுசில், சாவியை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"அருளு, இந்தாப்பா."

அவன் வாங்கிக்கொண்டான். வேணுதான் முதலில் கைதட்டினான்.