எண்ணூர் ரோட்டில் செத்த கேக்

பகல் பன்னிரண்டு மணி. ஸ்டேஷன் போன் அலறியது...

எடுத்தவள் சப்-இன்ஸ்பெக்டர் கார்குழலி.

"மேடம், ரெண்டாவதும் செத்துப்போச்சு. கொன்னவன் எங்க வூட்லயேதான் கீறான்."

ஜீப் ராயபுரத்துக்குப் பறந்தது!

பிணம் மேஜைமேல் கிடந்தது. மூன்று அடுக்கு. வெள்ளை உடம்பு. இடுப்பு இளகி, தலை ஒரு பக்கம் சாய்ந்து...

கல்யாணக் கேக்!

கார்குழலிக்குக் கோபம் வந்தது. சிரிப்பு அதற்கு முன்னால் வந்தது. அடக்கிக்கொண்டாள். கேக் செய்த சாண்ட்ரா நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

போன வாரம் ஒன்று, இன்று ஒன்று. இரண்டும் எண்ணூர் போகும் வழியிலேயே காலி. ஐந்து மணி ரிசப்ஷனுக்கு அனுப்ப, நாளைய ஆர்டருக்குச் செய்த ஒரே ஒரு கேக்தான் மிச்சம்.

கார் ஓட்டியது தம்பி ஃப்ரெடி. அவன் கட்டிக்கொள்ளப்போவது திருவொற்றியூர் ஹெப்சிபாவை. அவளும் கேக் வியாபாரி!

போதாதா? காதலிக்காக அக்கா பிழைப்பில் கைவைத்துவிட்டான். அவனை உள்ளே தள்ளு, கல்யாணமும் கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்றாள் சாண்ட்ரா.

ஃப்ரெடி கெஞ்சினான்.

"ஏசி போட்டுகினுதான் போனேன் மேடம். மெக்கானிக் ஷெட்டுல ஐஸு மாரி அடிக்குது. ரோட்ல எறங்குனா அனலு. சொன்னா எவனும் நம்ப மாட்றான்."

கார்குழலியும் நம்பவில்லை. மிச்சக் கேக்கைப் பின்சீட்டில் ஏற்றி, சாண்ட்ராவைக் காவல் வைத்து, ஃப்ரெடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காசிமேடு தாண்டுவதற்குள் காக்கிச்சட்டை நனைந்தது. க்ரீம் ரோஜா ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டது...

"வுடு வண்டிய, மெக்கானிக் கிட்ட."

மெக்கானிக் கமாலுதீன் பானட்டைத் திறந்தார். கேஸ் ஃபுல், கம்ப்ரசர் சுத்தம் என்றார். இரண்டே நிமிடத்தில் கார் குளிர்ந்து நடுங்கியது!

"பாத்தீங்களா மேடம், வண்டில ஒரு கோளாறும் இல்ல. ஓட்றவன்தான் கோளாறு."

கமாலுதீன் கைகாட்ட, ஃப்ரெடி தலைகுனிந்தான். சாண்ட்ரா தம்பியின் முகத்தையே பார்க்கவில்லை. கார்குழலிக்கே பாவமாக இருந்தது.

கமாலுதீன் பானட்டை மூடினார். தரையில் கிடந்த எதையோ எடுத்து வண்டியின் முன்னால் கட்ட ஆரம்பித்தார்.

"பாய்... இன்னா அது?"

"ஃப்ளெக்ஸு மேடம். பானட்டத் தெறக்க வுடாது. அதான் ஒவ்வொரு வாட்டியும் அவுத்துட்டு டெஸ்ட் பண்ணிட்டு, பத்திரமா கட்டி அனுப்புவேன்."

கிரில்லை முழுசாக மூடும் ஃப்ளெக்ஸ்! 'சாண்ட்ரா கேக்ஸ்'. நடுவில் சாண்ட்ராவின் சிரித்த முகம், கீழே போன் நம்பர். போன வாரம்தான் அச்சடித்து, தன் கையாலேயே கட்டினாளாம். ஏறிய அவசரத்தில் வண்டியின் முகத்தை யார் பார்த்தார்கள்?

"முன்னாடி காத்து பூந்தாதான பாய், ஏசி சூட்ட வெளிய தள்ளும்? அத அடைச்சிட்டா?"

கமாலுதீன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாண்ட்ரா தம்பியின் கையைப் பிடித்தாள்.

"தப்பு பண்ட்டேன்டா. ஞாயித்துக்கெழமை ஹெப்சிபாவ வூட்டுக்கு இட்டுகினு வா."

அவிழ்த்த ஃப்ளெக்ஸோடு கார் கிளம்பியது. எண்ணூர்வரை இன்னொரு ரோஜாகூட வாடவில்லை.

இறங்கும்போது கார்குழலி அந்த ஃப்ளெக்ஸைச் சுருட்டிச் சாண்ட்ராவிடம் நீட்டினாள்.

"'தேடப்படும் குற்றவாளி' போஸ்டர நாங்கதாம்மா ஒட்டுவோம். குற்றவாளியே போன் நம்பரோட கட்டிகினு ஊர் சுத்துனத இப்பதான் பாக்கறேன்!"