ஆர்விட்டின் பச்சை ப்யூக்

ஓர்வில் ஹாகனின் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் ட்வைன் ட்ரக்கை நிறுத்தியபோது, கூரையில் மிச்சமிருந்த பனி சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருந்தது. விஸ்கான்சினில் ஏப்ரல் வந்துவிட்டால், குளிருக்கு அடைத்து வைத்த கார்களை ஆளாளுக்கு வெளியே எடுப்பார்கள். மாடுகளை விற்ற பிறகு ஓர்வில் கொட்டகையைக் கார்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

ட்வைன் எடுக்க வந்தது அவன் மனைவி லொரெட்டாவின் முதல் கணவன் ஆர்விட்டுடைய பச்சை ப்யூக் கார்.

ஆர்விட் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. ட்வைனைக் கட்டிக்கொண்ட பிறகும் லொரெட்டா அந்தக் காரை விற்கவில்லை, ஓட்டவும் இல்லை. நிற்கிற வண்டிக்கான காப்பீட்டை மட்டும் வருடம் தவறாமல் புதுப்பித்தாள். ட்வைனின் பிறந்தநாள் அவளுக்கு மறந்துபோகும். அந்தத் தவணை மறந்ததே இல்லை.

அதை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரியும்.

"செத்தவனுக்கு எதுக்கு காரு? என் பேருக்கு மாத்திக் குடு, நாம ஓட்டலாம்" என்று குளிர்காலம் முழுக்க நச்சரித்தான். ஒருநாள் சட்டென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"மாத்திக்கோ. அவரு ஒத்துக்கிட்டா சரி."

சிரிக்காமல்தான் சொன்னாள்.

இப்போது பதிவு அவன் பெயரில். புது நம்பர் பலகை அவன் அக்குளில். சாலையில் ஓட்டுவதற்கான காப்பீட்டுக்கு வண்டியின் படங்கள் வேண்டும் என்று ஏஜண்ட் பெவ் சொல்லியிருந்தாள். லொரெட்டா ட்ரக்கிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கதவைத் தள்ளியதும் பழைய வைக்கோலும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை அடித்தது. ஓர்வில் கார் மேல் போட்டிருந்த உறையை உருவினார்.

"பேட்டரியை இலையுதிர்காலத்துலயே கழட்டி வச்சுட்டேன் தம்பி. பக்கத்து ஷெட்டுல சார்ஜ்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்."

அவர் போனதும் ட்வைன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். வெளியே மூச்சு ஆவியாகிற குளிர்.

இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போனது மாதிரி.

குதித்து இறங்கினான். 'பூனை படுத்திருக்கும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டு, முன்னும் பின்னும் படம் பிடித்து பெவ்வுக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பெவ் அவனோடு பள்ளியில் படித்தவள், வாய் சும்மா இருக்காது.

"படம் வந்துச்சுடா. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எடுத்த மாதிரி இருக்கு. அது சரி, உள்ள உக்காந்திருக்கறது யாரு?"

"உள்ள யாரும் இல்லையே."

"ஸ்டீரிங்க பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, தொப்பி போட்ட ஆளு! உன்னைத்தான் முறைச்சுப் பாக்கறாரு. வண்டி ஓட்டறவங்க எல்லாரையும் பாலிசியில சேக்கணும்டா. பேரு என்ன?"

ட்வைன் காரைப் பார்த்தான். யாரும் இல்லை. போனை அணைத்தான்.

பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. "என் பேர்ல இருக்குடா இப்ப" என்று பல்லைக் கடித்தபடி பின்பக்கம் போய் மண்டியிட்டு, நம்பர் பலகையைத் திருகத் தொடங்கினான்.

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம். லொரெட்டா வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் ஒருமுறைகூட இந்தக் கொட்டகைக்குள் கால் வைக்காதவள்.

அவள் மெல்லிய குரலில் ஏதோ பேசினாள். பிறகு சிரித்தாள். அடித்தொண்டையிலிருந்து வந்த, கிறங்கிய சிரிப்பு.

அந்தச் சிரிப்பை ட்வைன் கேட்டதே இல்லை.

"யார்கிட்ட பேசற?"

அவன் முகத்தருகே காரின் புகைக்குழாய் ஒருமுறை இருமியது. சூடான புகை கழுத்தில் பட்டது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சாவி அவன் சட்டைப் பையில்.

ஓடிப்போய்க் கதவை இழுத்தான். பூட்டியிருந்தது. கண்ணாடியை அறைந்தான். மறுபக்கம் லொரெட்டா தன் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். கன்னம் சிவந்திருந்தது.

"சத்தம் போடாத ட்வைன், அவருக்குப் பிடிக்காது. நீ ட்ரக்க எடுத்துட்டு வா. நாங்க முன்னால போறோம்."

கார் நிதானமாக வெளியேறி, சரளைச் சாலையில் திரும்பியது. பேட்டரியைச் சுமந்து வந்த ஓர்வில் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

ட்வைன் விரட்டிக்கொண்டு போனான். அவன் வீட்டுக்கு முன்னால் கார் நின்றிருந்தது. லொரெட்டா அதே இருக்கையில், பெல்ட் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியதும் திருதிருவென்று விழித்தாள்.

"வீடு வந்துடுச்சா? நீயா ஓட்டிட்டு வந்த?"

அவன் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, ஆமாம் என்றான்.

அடுத்த நாளே இழுவை வண்டியில் ஏற்றிக் காரைத் திருப்பி அனுப்பினான். பதிவை மறுபடி அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்தான். பழைய காப்பீடே போதும் என்றான். லொரெட்டா ஏன் என்று கேட்கவில்லை. கூடவே கொட்டகைக்கு வந்தாள்.

ஓர்வில் உறையைப் போர்த்தி, கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மூவரும் ட்ரக்கை நோக்கி நடந்தார்கள்.

உள்ளே இருட்டில் ஹாரன் ஒலித்தது. இரண்டு முறை, மெதுவாக, வீட்டு வாசலில் இறக்கிவிட்டு விடைபெறுகிறவர் அடிப்பதுபோல.

லொரெட்டா திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே கையை மட்டும் உயர்த்தி அசைத்தாள்.