நூறு கோடு

அன்று காலை பிரகாசியின் ஊசிக்கருவியான அளவறி நாற்பது கோடு காட்டியது. வழக்கமாகப் பன்னிரண்டுதான் காட்டும். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நாற்பதேதான்.

“யாருக்கோ என்னவோ ஆயிட்டு அத்தான்.”

அவள் கணவன் தொபியாஸ் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் திரும்பவில்லை.

பிரகாசியின் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகள் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. துக்கம் வந்தால் அதைத் தாங்குவதற்கு மற்றவர்கள் உடம்பில் தானாகச் சுரக்கும் ஹார்மோன் அவளுக்குச் சுரக்காது. ஊசியில்தான் வரவேண்டும். அன்றைக்கு எத்தனை கோடு மருந்து என்று அளவறிதான் முடிவு செய்யும். துக்கச் செய்திக்கு முன்பே வந்துவிட்டால் நல்லது என்று அளவறிகளை ஊர்ப்பதிவேட்டோடு இணைத்திருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவருக்குப் பெரிய நோய் என்று ஆஸ்பத்திரியில் பதிவானால் போதும். யாருக்கு, என்ன என்று அளவறி சொல்லாது. கோடு மட்டும் ஏறும்.

நேற்று இடது தொடை என்பதால் இன்று வலது தொடையைத் துடைத்து, ஊசியை நேராக இறக்கிப் பத்து எண்ணினாள். முனையைக் கழற்றி மூடிபோட்ட டப்பாவில் போட்டாள்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஜன்னலில் தலையை நீட்டினாள். தெருவில் பலருக்கும் இப்போது அதுதான் காலைச் செய்தி.

“ஏட்டி, இன்னைக்கு எத்தன கோடு?”

“நாப்பதுக்கா.”

“அப்பம் எங்க வீட்டு ஆளு இல்ல. நாங்கல்லாம் செத்தா ஒனக்கு ஒரு கோடு ஏறுமா? நாப்பது கொழுந்தன் அளவுல்லா.”

பிரகாசி கணவனைப் பார்த்தாள். அவளுக்குக் கொழுந்தன் ஒருவன்தான். “இஞ்ஞாசிக்கா?”

“ஆமா,” என்றான் தொபியாஸ். “கணையத்துல கட்டி. ஆறு மாசம்ங்காங்க. மெதுவாச் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவள் அழுதாள். நாற்பது கோடு அவளைத் தாங்கியது. தொபியாஸ் குளிக்கப் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இஞ்ஞாசியைப் போனில் கூப்பிட்டாள்.

“எனக்கா? எனக்கென்ன கேடு மைனி, கல்லு மாதிரி இருக்கேன்,” என்று சிரித்தான் அவன். “போன மாசம் அண்ணன் ஏதோ சோதனைக்குன்னு என் ஆஸ்பத்திரி அட்டையத்தான் வாங்கிட்டுப் போனாரு…”

அவன் சொல்லி முடிப்பதற்குள் போன் தரையில் விழுந்தது.

தொபியாஸ் வெளியே வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். உதடு வெளுத்து, உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. இப்படி ஆனால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் புது முனையை மாட்டினான். சேலைக்கு மேலாகவே தொடையில் வைத்து அழுத்தினான். ஊசி இறங்கவில்லை.

“இந்தக் காரணத்துக்கான அளவு காலையில் கொடுக்கப்பட்டுவிட்டது,” என்றது அளவறி. “ஒரு காரணத்துக்கு ஒரு முறைதான்.”

பயத்தில் மேலும் மேலும் போட்டுக்கொண்டவர்களின் எலும்புகள் நொறுங்கிய பிறகு வந்த சட்டம் அது.

“காரணம் வேற. நோவு எனக்கு. நான் அவ புருஷன் தொபியாஸ்.”

“தொபியாஸ் நலமாக இருக்கிறார். அவர் பெயரில் நோய் எதுவும் பதிவாகவில்லை.”

பதிவாகியிருந்தால் மறுநாளே எண்பது கோடு காட்டியிருக்கும். அவன் வாயைத் திறப்பதற்குள் இந்தக் கருவி அவளுக்குச் சொல்லிவிடும். அதற்குப் பயந்துதான் தம்பியின் அட்டையை வாங்கினான். தம்பி பெயரிலும் கோடு ஏறும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் என்றார்கள். அவள் நாடி விரலுக்கு அகப்படவில்லை.

திரையின் அடியில் ஒரு வரி இருந்தது: வீட்டில் நேர்ந்த இறப்பைப் பதிய. அதற்கு மனைவியின் கட்டைவிரல் போதும். தொபியாஸ் தன் பெயரை எழுதினான். அவளுடைய ஈரமான விரலைத் துடைத்துத் திரையில் வைத்தான்.

“ஆழ்ந்த இரங்கல்,” என்றது அளவறி. “நூறு கோடு.”

ஊசி இறங்கியது. அவன் சத்தமாகப் பத்து எண்ணினான்.

சிறிது நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். தலைமாட்டில் திரை எரிந்துகொண்டிருந்தது. அவன் பெயருக்குக் கீழே இருந்ததை அவள் மெல்லப் படித்தாள்.

“இத மாத்திக்கிடலாமா?”

“செத்தவன உசுரோட எழுத அதுல எடமில்ல,” என்றான் தொபியாஸ். சிரிக்கப் பார்த்தான். “இனி எனக்கு என்ன வந்தாலும் ஒனக்குக் கோடு ஏறாது.”

அவள் சிரிக்கவில்லை. வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவன் எழப்போனான். அவள் அவன் கையை விடவில்லை.

“நெசமா நீங்க போற அன்னைக்குப் பன்னிரண்டுதான் காட்டும்,” என்றாள். “அதுக்குள்ள நான் எப்பிடி அழ, அத்தான்?”