உலோகத்துக்குள் ஈரம்

விரலில் ஒட்டிய நாற்றம் போகவே இல்லை. நாலு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று, கை தாங்கும் சூட்டில் வெந்நீரும் ஊற்றியாயிற்று. மூக்கருகே கொண்டுபோனால் துருவும் கெட்டுப்போன கறியும் கலந்த அதே வாடை. நேற்று மாலை மாதிரியைத் தாங்கியில் ஒட்டும்போது கையுறை போடாமல் ஒரே ஒரு கணம் தொட்டதற்கு இந்தப் பாடா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மாதிரி என்பது ஒரு செயற்கை முழங்கால் மூட்டு. அதே வார்ப்பில் வந்த இன்னொன்று மூன்று வாரமாக அவள் அக்காவின் காலுக்குள் இருக்கிறது. அந்த வார்ப்பில் இரண்டு, ஆட்களின் உடம்புக்குள்ளேயே நொறுங்கிவிட்டதால், ஒன்றைச் சோதித்துப் பார்க்க அவள் வேலை பார்க்கும் இந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் வலியக் கேட்டு வாங்கிய வேலை. அக்காவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. குறையில்லை என்று தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது, இல்லையா?

எந்த உலோகமும் உள்ளே பொடிப்பொடி மணிகள்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். நியூட்ரான் கற்றையை ஊடுருவவிட்டு, எந்த மணி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வண்ணம் பூசி வரைபடம் போடுவது அவள் தொழில். கற்றை உலோகத்துக்குள் சுலபமாகப் புகுந்து போய்விடும். ஈரத்தைக் கண்டால்தான் தடுமாறும். ஈரமுள்ள இடம் படத்தில் கறுப்பாக விழும். அதனால்தான் அந்தக் கையுறை. காலையில் எடுத்த முதல் படத்தில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்தபோது, தன் விரல் வியர்வைதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டாவது படத்தில் திட்டு மேற்பரப்பில் இல்லை. உள்ளே போயிருந்தது. மணிகளும் கொஞ்சம் திரும்பியிருந்தன. மாதிரியைத் தாங்கும் மேடை நழுவியிருக்கும் என்று நினைத்து, கணினியில் மணிகள் அத்தனையையும் பழைய நிலைக்குத் திருப்பி வைத்தாள். மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதிலும்.

மதியம் மேடையைப் பராமரிக்கும் மெக்கானிக் வந்தார். எல்லாரும் அவரைத் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மேடை நழுவுதுண்ணே. ஒவ்வொரு படத்தையும் நான் திருத்த வேண்டியிருக்கு."

அவர் பதிவைத் திறந்து பார்த்தார். "மயிரிழைகூட அசையலம்மா. நீ எதைத் திருத்துற?" பிறகு மூக்கைச் சுளித்தார். "எலி ஏதாவது செத்துக் கிடக்குதா இங்க?"

அவர் போனதும் திருத்தங்களை எல்லாம் நீக்கிவிட்டுப் படங்களை வரிசையாக ஓடவிட்டாள். மணிகள் நெளிந்தன. அழுகின புண்ணில் புழு புரள்வதுபோல, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்பு ஈரத்தோடு. பல வண்ணமாக இருந்த வரைபடம் போகப்போக ஒரே வண்ணமாகியிருந்தது. எல்லா மணியும் ஒரே பக்கம். எந்தப் பக்கம்? கணக்குப் போட்டாள். அவள் நாற்காலி. பதினொரு மணிக்கு எதிர்ப்புற மேசைக்கு மாறியிருந்தாள். அதற்கடுத்த படத்தில் அத்தனையும் அந்த மேசையைப் பார்த்தன.

கைப்பேசி அடித்தது.

"என்னடி, எப்ப வருவ?" அக்கா. "வலி சுத்தமா போயிடுச்சு. ஆனா கட்டுலேர்ந்து ஒரு நாத்தம் வருது. உள்ள என்னமோ நெளியுது."

கட்டு. இன்று காலை அந்தப் புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டது அவள்தான். இதே கையால். இதே விரலால்.

வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு ஓடிவந்தாள். கூடத்திலேயே வாடை அடித்தது. அக்கா சுவர்ப்பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். இடுப்பும் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. முழங்கால் மட்டும் வாசலைப் பார்த்தது.

"வந்துட்டியா? பாரேன், வலிக்கவே இல்ல."

கட்டு ஊறி நழுவியிருந்தது. தையலுக்கு இடையில், சதையைப் பிளந்துகொண்டு, சாம்பல் நிறத்தில் வரிசையாக மணிகள். பால்பல் அளவு. ஈரமாக. அவள் இடப்பக்கம் ஓர் அடி வைத்தாள்.

கரக்.

முழங்கால் இடப்பக்கம் திரும்பியது.

வலப்பக்கம்.

கரக்.

"என்னடி அது சத்தம்?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

அவளுக்கு விரல் அரித்தது. சொறியவென்று கையைத் தூக்கினாள். நகம் பாதி கழன்று நின்றது. அடியில், சாம்பல் நிறத்தில், ஈரமாக ஒரே ஒரு மணி.

அது மெல்ல, அக்காவின் முழங்காலைப் பார்த்துத் திரும்பியது.